எழும் கரையும் தாழும் கரையும்: பொட்சுவோலித் துறைநகரின் நிலம், வரலாறு, மரபு

முன்னுரை

கடற்கரை நகரங்களின் வரலாறு பெரும்பாலும் கடல்வழி வந்த வணிகத்தையும் படையெடுப்பையும் அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டு வருகின்றது. நிலம் அசையாமல் நிற்கும்; அதன்மீது மனிதர் வந்து போவர் என்னும் கருத்து அவ்வரலாறுகளில் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. தென்னித்தாலியில், நேப்பிள்சு நகருக்கு மேற்கே அமைந்துள்ள பொட்சுவோலி என்னும் மத்தியதரைக்கடல் துறைநகர் இக்கருத்துக்கு விலக்காக அமைகின்றது. இங்கு நிலமே எழுந்தும் தாழ்ந்தும் வந்துள்ளது. கடலுள் மூழ்கிய தெருக்களும், கடலிலிருந்து மீண்ட தூண்களும், நீர் வற்றிய படகுத்துறையும் இந்நகரின் வரலாற்றுச் சான்றுகளாக உள்ளன.

இந்நகரின் தொன்மைச் சின்னங்களைப் பற்றித் தொல்லியலாளர் பலர் எழுதியுள்ளனர். நில அசைவைப் பற்றிப் புவியியலாளர் எழுதியுள்ளனர். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று வாழ்ந்த மக்களின் நிலை தனித்து நோக்கத்தக்கது. ஒரு நகரின் மரபு அதன் கட்டடங்களில் உள்ளதா, அங்குக் குடியிருக்கும் மக்களிடம் உள்ளதா என்னும் வினாவைப் பொட்சுவோலியின் வரலாறு மீண்டும் மீண்டும் எழுப்புகின்றது. அவ்வினாவை மையமாகக் கொண்டு இந்நகரின் நில அமைப்பு, துறைமுக வரலாறு, அயலார் குடியிருப்பு, கீழைக்கடல் வணிகத் தொடர்பு, இடப்பெயர்வு, வாழும் மரபுகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நில அமைப்பும் நகர்ப் பெயரும்

பொட்சுவோலி அமைந்துள்ள பகுதி கம்பி பிளெக்ரேய் எனப்படும். ‘எரியும் வயல்கள்’ என்பது அப்பெயரின் பொருள். வெசூவியசு போலக் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் ஒற்றை மலையன்று இது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னும் 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் நிகழ்ந்த பெருவெடிப்புகளால் நிலம் உள்ளமிழ்ந்து உருவான அகன்ற எரிமலைப் பள்ளம் இது. அதன் பாதி நிலத்திலும் பாதி கடலடியிலும் உள்ளது. பள்ளத்தினுள் சிறு எரிமலை வாய்கள் பல காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நீர் நிறைந்து அவெர்னோ ஏரியாக உள்ளது. வெர்கிலின் ஈனெயித்துக் காப்பியத்தின் ஆறாம் காண்டம் கீழுலகின் வாயிலை இவ்வேரிக்கரையில் வைத்துப் பாடுகின்றது. மற்றொன்றாகிய சொல்பதாரா கந்தக ஆவி வெளிப்படும் வெண்ணிலமாக உள்ளது. பண்டைய புவியியல் ஆசிரியர் ஸ்திராபோ அதனை நெருப்புக் கடவுளின் மன்றம் எனக் குறித்துள்ளார்.

நகரின் பெயர் வரலாறும் நிலத்தோடு பிணைந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சாமோசு தீவைச் சேர்ந்த கிரேக்கர் இங்குக் குடியேறித் திக்கயார்க்கியா என்னும் பெயரிட்டனர். ‘நீதி ஆளும் இடம்’ என்பது அதன் பொருள். கி.மு. 194இல் உரோமர் இதனைத் தம் குடியேற்ற நகராக்கியபோது புத்தேயோலி என்னும் பெயர் நிலைபெற்றது. இன்றைய பொட்சுவோலி என்னும் வடிவம் அதன் திரிபாகும். இப்பெயருக்கு ஸ்திராபோ இரு விளக்கங்களைத் தருகின்றார். ஒன்று, கிணறு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது. மற்றொன்று, கந்தக நாற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது. இவற்றுள் எது சரியாயினும், முதற்பெயர் குடியேறியவர்தம் விழைவைக் காட்ட, இரண்டாம் பெயர் மண்ணின் இயல்பைக் காட்டுகின்றது எனலாம். நிலைத்து நின்றது மண்ணின் பெயரே.

உரோமப் பேரரசின் துறைமுகம்

உரோம் நகருக்கு அண்மையில் பெருங்கப்பல்கள் நிற்கத்தக்க ஆழ்துறை இல்லாத காலத்தில், அந்நகரின் கடல்வாயிலாகப் பணியாற்றியது புத்தேயோலியே. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே லூசிலியசு என்னும் கவிஞர் இதனைச் ‘சிறிய தேலோசு’ என அழைத்தார். தேலோசு அக்காலத்தில் ஈஜியன் கடலின் பெருவணிகத் தீவாகும். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து கோதுமை ஏற்றிவரும் கப்பல்கள் இங்கு வந்தடைந்தன. அவற்றின் வருகையை முன்னறிவிக்கும் கப்பல்கள் மேற்பாய் விரித்து விரிகுடாவினுள் நுழைவதையும், மக்கள் அலைத்தடுப்புச் சுவரின்மீது திரண்டு நிற்பதையும் தத்துவ அறிஞர் செனிக்கா தம் கடிதம் ஒன்றில் விவரித்துள்ளார். உரோம் நகரின் உணவு இக்கப்பல்களைச் சார்ந்திருந்தமையால் அவ்வருகை வேடிக்கைக் காட்சி மட்டுமன்று. நகரின் உயிர்நிலையோடு தொடர்புடையது.

1959இல் பொம்பேயி நகருக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட மெழுகுப் பலகை ஆவணங்கள் இத்துறைமுகத்தின் அன்றாட வணிகத்தை வெளிப்படுத்துகின்றன. இவை சுல்பிசியர் என்னும் பணம் கொடுக்கல் வாங்கல் குடும்பத்தாருக்குரியவை. கி.பி. 37இல் தானிய வணிகர் ஒருவர் 10,000 செஸ்தெர்சு கடன் பெற்று, அதற்கு ஈடாகப் புத்தேயோலிக் கிடங்கில் இருந்த அலெக்சாந்திரியக் கோதுமை 7,000 மோதியசு அளவை வைத்த செய்தி இவற்றுள் ஒன்று. கப்பல், கிடங்கு, கடன், அடைமானம் என்னும் நான்கும் ஒன்றோடொன்று கோத்து இயங்கிய நிலையை இதனால் அறியமுடிகின்றது.

துறைமுகத்தின் வலிமைக்கு அவ்வூர் மண்ணே காரணமாயிற்று. இங்குக் கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடும் கல்லோடும் கலந்தால் அது நீரினடியிலும் இறுகும். கட்டடக்கலை அறிஞர் வித்ருவியசு தம் நூலின் இரண்டாம் பகுதியில் இதன் இயல்பை விளக்கியுள்ளார். இச்சாம்பலைக் கொண்டே கடலுள் பெருந்தூண்கள் எழுப்பி, அவற்றை வளைவுகளால் இணைத்து, நீரோட்டம் தடைபடாத அலைத்தடுப்புச் சுவரைக் கட்டினர். ஏரோது மன்னன் பாலத்தீனக் கடற்கரையில் கட்டிய செசாரியாத் துறைமுகத்துக்கும் இச்சாம்பல் கப்பலில் கொண்டு செல்லப்பட்டது என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. ‘பொட்சொலானா’ என்று கட்டுமானத் துறையில் இன்றும் வழங்கும் சொல் இந்நகரின் பெயரிலிருந்து பிறந்ததாகும். நகரை அசைக்கும் எரிமலையே நகரைத் தாங்கும் காரையையும் தந்தது என்பது எண்ணத்தக்கது.

கி.பி. 42 அளவில் கிளாதியசு பேரரசர் தைபர் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகப் பணியைத் தொடங்கினார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திராஜன் அதனை விரிவுபடுத்தினார். அதன்பின் கோதுமைக் கப்பல்கள் படிப்படியாக அங்குத் திரும்பின. எனினும் புத்தேயோலி உடனே வீழ்ந்துவிடவில்லை. கி.பி. 139இல் அந்தோனினசு பயசு காலத்தில் அலைத்தடுப்புச் சுவர் பழுதுபார்க்கப்பட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. நான்காம் நூற்றாண்டளவில் இந்நகரின் கட்டடங்களைப் பெயரோடு பொறித்த கண்ணாடிக் குப்பிகள் செய்யப்பட்டன. அவற்றுள் வளைவுகளோடு கூடிய அலைத்தடுப்புச் சுவர் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. அக்குப்பிகளுள் ஒன்று போர்த்துகலில் கிடைத்துள்ளது. வந்து சென்றோர் நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லுமளவுக்கு நகரின் தோற்றம் புகழ்பெற்றிருந்தது என இதனால் கருதலாம்.

அயலார் குடியிருப்பும் வழிபாடும்

துறைநகராதலின் பல நாட்டவர் இங்குத் தங்கி வாழ்ந்தனர். தத்தம் தெய்வங்களையும் உடன்கொணர்ந்தனர். கி.மு. 105ஆம் ஆண்டைச் சேர்ந்த கட்டுமான ஒப்பந்தக் கல்வெட்டு ஒன்று செராபிசு என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கோயிலைக் குறிப்பிடுகின்றது. இத்தாலியில் அத்தெய்வ வழிபாட்டுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. அரேபியப் பாலைவழி வணிகராகிய நபத்தேயர் தம் தெய்வமாகிய துசாரேசுக்கு இங்குக் கோயில் எடுத்தனர். அத்தெய்வப் பெயர் பொறித்த கற்பீடங்கள் முன்பே கிடைத்திருந்தன. 2023இல் பொட்சுவோலிக் கடலடியில் அக்கோயிலின் பலிபீடங்கள் கண்டறியப்பட்டமை அறிவிக்கப்பட்டது. அப்பகுதி நிலம் தாழ்ந்து கடலுள் மூழ்கியமையால் பிற்காலத்தார் கற்களைப் பெயர்த்தெடுக்க வாய்ப்பின்றிப் போயிற்று. அழிவாகத் தோன்றிய கடல்கோளே பாதுகாப்பாகவும் அமைந்தது.

இவ்வயலார் வாழ்வின் உள்நிலையைக் காட்டும் சான்று ஒன்று தனிக் கவனத்துக்குரியது. கி.பி. 174இல் புத்தேயோலியில் வாழ்ந்த தீரு நகர வணிகர், பினீசியாவிலிருந்த தம் தாய்நகருக்கு எழுதிய முறையீடு கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. முன்பு எண்ணிக்கையிலும் செல்வத்திலும் மிக்கிருந்த தாம் இப்போது சிலராகக் குறைந்துவிட்டதாகவும், முன்னோர் தெய்வங்களுக்குரிய வழிபாட்டுச் செலவைத் தாமே ஏற்று வருவதால் தம் வணிக இல்லத்தின் வாடகையைச் செலுத்த இயலவில்லை என்றும், தாய்நகர் உதவ வேண்டும் என்றும் அவர்கள் வேண்டுகின்றனர். தீரு நகர அவையில் இது குறித்து நிகழ்ந்த வாதமும் அக்கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. வணிகம் வேறு துறைமுகத்துக்கு மாறிய பின்னும், ஊதியமில்லாத ஓரிடத்தை விட்டுப்போக மனமின்றி, தெய்வத்துக்காகவும் முன்னோர் நினைவுக்காகவும் பற்றிக்கொண்டிருந்த சிறு கூட்டத்தின் நிலையை இது காட்டுகின்றது. இடமும் வழிபாடும் மக்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று நீங்கின் மற்றவை நிலைப்பது அரிது என்பதற்கு இதனினும் தெளிவான பண்டைச் சான்று இந்நகரில் இல்லை.

கிறித்தவமும் இத்துறை வழியாகவே வந்தது. கி.பி. 61 அளவில் கைதியாக உரோமுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பவுல் இங்குக் கரையிறங்கி, முன்பே இருந்த நம்பிக்கையாளரோடு ஏழு நாள் தங்கியதை விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் இயல் கூறுகின்றது.

கீழைக்கடல் வணிகமும் தமிழகத் தொடர்பும்

அலெக்சாந்திரியாவிலிருந்து புத்தேயோலிக்கு வந்த கப்பல்கள் கோதுமையை மட்டும் கொண்டு வரவில்லை. செங்கடல் துறைகளில் இறங்கிய இந்தியச் சரக்குகள், பாலைவழியாக நைல் ஆற்றை அடைந்து, அலெக்சாந்திரியா வழியாக இத்தாலியை எட்டின. ஆகவே முசிறியில் தொடங்கிய மிளகு வழியின் மேற்கு முனைகளுள் ஒன்றாகப் புத்தேயோலியைக் கொள்ளலாம். யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கின்றது. இப்பாடல்கள் சுட்டும் யவனர் எந்நகரத்தார் என்பது பாடல்களால் விளங்குவதன்று. ஆதலின் அவர்களைப் புத்தேயோலி வணிகர் என நேரடியாகக் கூறுவது பொருந்தாது. எனினும் இத்தொடர்பை உறுதிப்படுத்தும் பிற சான்றுகள் உள்ளன.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், பெரெனிகே துறைக்குச் செல்லும் வழியிலுள்ள வாதி மெனி என்னுமிடத்துப் பாறைத் தங்கலில், புபிலியசு அன்னியசு புலோக்கமசு என்பவரின் அடிமையாகிய லிசாசு என்பவர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தம் பெயரைப் பொறித்துள்ளார். அதன் காலம் கி.பி. 6 எனக் கணிக்கப்பட்டுள்ளது. செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த அன்னியசு புலோக்கமசு என்பவரின் விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவர் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு தப்ரோபனே எனப்பட்ட இலங்கையை அடைந்தார் எனவும், வெவ்வேறு பேரரசர் வெளியிட்ட உரோம நாணயங்கள் ஒரே எடையுடையனவாக இருந்தமை கண்டு அந்நாட்டு மன்னன் வியந்து கிளாதியசிடம் தூதனுப்பினான் எனவும் பிளினி எழுதியுள்ளார். அன்னியர் குடும்பம் புத்தேயோலிக் கல்வெட்டுகளில் இடம்பெறும் வணிகக் குடும்பமாகும். இந்நகரின் கடலோரக் குடியிருப்பு ஒன்று அவர்கள் பெயராலேயே வழங்கியது. பாறை எழுத்து, பிளினியின் குறிப்பு, நகரக் கல்வெட்டு ஆகிய மூன்றும் ஒருங்கு நோக்கத்தக்கன.

தொல்பொருட்சான்றும் இதற்குத் துணை நிற்கின்றது. அரிக்கமேட்டிலும் கேரளத்துப் பட்டணத்திலும் கிடைத்த மதுச்சாடி ஓடுகளுள், கரிய எரிமலை மணல் கலந்த களிமண்ணால் ஆனவை அடையாளம் காணப்பட்டுள்ளன. நேப்பிள்சு விரிகுடாப் பகுதியில் செய்யப்பட்ட சாடிகளுக்கே அம்மணல் உரியது. மறுதிசையில், பெரெனிகேத் துறையின் செராபிசு கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ கருமிளகு கிடைத்துள்ளது. எகிப்தின் குசேர் அல்-காதிம் துறையில் தமிழ்ப் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. தமிழர் எகிப்தியத் துறைகள் வரை சென்றமைக்கு எழுத்துச் சான்று உண்டு. அதற்கு மேற்கே சரக்கு சென்றமைக்கே சான்று உள்ளது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கின், நேப்பிள்சு விரிகுடாவும் சேரர் துறையும் ஒரே வணிகச் சங்கிலியின் இரு முனைகளில் நின்றன என்பது பெறப்படும்.

மூன்று தூண்கள் தரும் சான்று

துறைமுகத்தை ஒட்டி மூன்று பளிங்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. 1750இல் நிகழ்ந்த அகழ்வில் செராபிசு சிலை ஒன்று இங்குக் கிடைத்தமையால் இவ்விடத்தைச் ‘செராபிசு கோயில்’ என அழைத்தனர். பின்னைய ஆய்வுகள் இது உரோமர் காலத்து அங்காடி எனத் தெளிவுபடுத்தின. ஆயினும் பழைய பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது.

இத்தூண்களின் சிறப்பு அவற்றின் உடலில் காணப்படும் துளைகளாகும். அடிப்பகுதி ஏறத்தாழ 3.6 மீட்டர் உயரம் வரை வழவழப்பாக உள்ளது. அதற்கு மேல் ஏறத்தாழ 2.7 மீட்டர் அளவுக்குக் கல்துளைக்கும் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் வளையம்போல் சூழ்ந்துள்ளன. அதற்கு மேலே துளைகள் இல்லை. உலர்ந்த நிலத்தில் எழுப்பப்பட்ட தூண்கள், பின்னர் அவ்வுயரம் வரை கடலுள் அமிழ்ந்திருந்து, மீண்டும் வெளிவந்துள்ளன என்பது இதனால் உறுதியாகின்றது. அடிப்பகுதி மண்ணாலும் எரிமலைச் சாம்பலாலும் மூடப்பட்டிருந்தமையால் சிப்பிகளுக்கு எட்டவில்லை.

1828இல் இவ்விடத்தை ஆராய்ந்த சார்லசு லயல், 1830இல் வெளியிட்ட புவியியல் கோட்பாடுகள் என்னும் நூலின் முகப்புப் படமாக இத்தூண்களை அமைத்தார். உயர்ந்து தாழ்ந்தது கடல்மட்டம் அன்று, நிலமே என்பதும், தூண்கள் சாயாமல் நிற்பதால் அவ்வசைவு மெதுவாக நிகழ்ந்தது என்பதும் அவர் வாதம். பேரழிவுகளால் மட்டுமன்றி, இன்றும் நிகழும் மெல்லிய மாற்றங்களாலும் நிலவுருவம் மாறுகின்றது என்னும் கொள்கைக்கு இத்தூண்கள் அடையாளமாயின. இலண்டன் புவியியல் கழகம் அவர் பெயரால் வழங்கும் பதக்கத்திலும் இவை பொறிக்கப்பட்டுள்ளன. இந்நில அசைவுக்கு, மெதுவான அதிர்வு என்னும் பொருள்தரும் ‘பிராடிசிசம்’ என்னும் பெயரை 1883இல் இத்தாலிய அறிஞர் அர்த்தூரோ இசெல் வழங்கினார். தரையடியில் மாக்மாவிலிருந்து வெளிப்படும் வளிமமும் வெப்பநீரும் ஏற்படுத்தும் அழுத்தம் கூடும்போது நிலம் உயர்வதும், அது குறையும்போது நிலம் தாழ்வதும் இதன் இயக்கம் என விளக்குவர். மாக்மாவே மேலெழுவதும் காரணமாகலாம் என்னும் கருத்தும் உண்டு.

1538: மக்களை மீட்டழைத்த அரசு

நிலம் உயர்வதை அறிவியலாளர் எழுதுவதற்கு முன்பே ஆட்சி ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. 1503இல் பெர்தினாந்து, இசபெல்லா ஆகிய அரசரும் அரசியும் கடல் வற்றி வெளிப்பட்டுவந்த நிலத்தைப் பொட்சுவோலி நகர மக்களுக்கு வழங்கினர். 1511இல் மற்றொரு கொடையும் வழங்கப்பட்டது. கடல் பின்வாங்குவதை ஊரார் நல்லூழாகவே கருதியிருத்தல் கூடும். ஆயின் அது எரிமலையின் முன்னறிகுறியாயிற்று. 1538 செப்டம்பர் 29 அன்று, திரிப்பெர்கொலே என்னும் சிற்றூர் இருந்த இடத்தில் நிலம் பிளந்து வெடித்தது. சில நாள்களில் 133 மீட்டர் உயரமுள்ள குன்று உருவாயிற்று. ‘புதுமலை’ என்னும் பொருளில் அது மோந்தே நுவோவோ எனப் பெயர் பெற்றது. கரையில் ஒதுங்கிக் கிடந்த மீன்களை மக்கள் அள்ளிச் சென்றதையும், சாம்பல் படிந்த உடலோடு நேப்பிள்சு நோக்கி ஓடியதையும் நேரில் கண்டோர் எழுதிவைத்துள்ளனர்.

நகர் கைவிடப்படும் நிலை தோன்றியது. அப்போது நேப்பிள்சின் ஆளுநராயிருந்த பெத்ரோ தெ தொலேதோ, திரும்பி வருவோருக்கு வரிவிலக்கு அளித்தார். தாமும் அங்கே மாளிகை எழுப்பினார். ஆள்பவன் குடியிருக்கும் இடத்தில் அச்சமின்றிக் குடியிருக்கலாம் என்னும் எண்ணத்தை இதனால் உருவாக்கினார் எனலாம். நகர் மீண்டது. அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது.

1970, 1983: வெளியேறிய மக்கள்

பொட்சுவோலியின் மிகப் பழைய குடியிருப்பு ரியோனே தெர்ரா எனப்படும். கடலுக்குள் நீண்ட, 33 மீட்டர் உயரமுள்ள பாறை முனை அது. கிரேக்கரும் உரோமரும் இடைக்காலத்தாரும் வாழ்ந்த அம்முனையில் இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்தனர். 1970இல் நிலம் விரைந்து உயர்வது கண்டறியப்பட்டதும், மார்ச்சு 2 அன்று அவர்கள் அனைவரும் படையினர், காவலர் துணையோடு வெளியேற்றப்பட்டனர். 1972 வரை நிலம் ஏறத்தாழ 1.7 மீட்டர் உயர்ந்தது, எரிமலை வெடிக்கவில்லை. ஆயினும் மக்கள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை.

1982 முதல் 1984 வரை நிலம் மேலும் 1.8 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. 1983 அக்டோபர் 4 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப்பின் நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்தனர். உள்நிலப் பகுதியில் மோந்தெருசெல்லோ என்னும் புதுநகர் விரைந்து கட்டப்பட்டது. கடலைப் பார்த்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் கடல் தெரியாத அடுக்ககங்களுக்குச் சென்றன. படகுத்துறையின் தளம் நீருக்கு மேல் வெகுவாக உயர்ந்துவிட்டமையால், படகுகளைக் கட்டத் தாழ்ந்த புதுத்தளம் அமைக்க வேண்டியதாயிற்று.

இக்காலத்தில் ரியோனே தெர்ராவின் கட்டடங்களுக்கு நேர்ந்தது வேறு வகையானது. அங்குள்ள தலைமைத் தேவாலயம் 1964 மே மாதத்தில் தீப்பற்றியது. பதினேழாம் நூற்றாண்டு வேலைப்பாடுகள் எரிந்து விழ, அவற்றினுள் மறைந்திருந்த உரோமர் காலத்துப் பளிங்குத் தூண்கள் வெளிப்பட்டன. அகஸ்தசு காலத்தில் லூசியசு கல்பூர்னியசு என்பவர் எடுப்பிக்க, கொச்சேயசு என்னும் கட்டடக் கலைஞர் கட்டிய கோயில் அது. மீட்டெடுக்கப்பட்ட தூண்களைச் சுவராகவே கொண்டு 2014இல் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. தரைக்கடியில் உரோமர் காலத் தெருக்களும் கடைகளும் மாவரைக்கும் கூடங்களும் அகழ்ந்து காட்சிக்கு வைக்கப்பட்டன. மேலிருந்த இல்லங்களும் புதுப்பிக்கப்பட்டன. கல் மீட்கப்பட்டது, அங்குப் பிறந்து வளர்ந்தோர் மீண்டும் குடியமர்த்தப்படவில்லை. 1538க்குப் பின் அரசு வெற்று நகருக்கு மக்களை அழைத்தது. 1970க்குப் பின் அரசு மக்களின்றி நகரைப் புதுப்பித்தது. இவ்விரு செயல்களின் வேறுபாடே இந்நகரின் மரபு குறித்த வினாவின் உள்ளீடாகும்.

மக்கள் உயிர்க்காப்பு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. 1970இல் எடுத்த முடிவைப் பின்னோக்கிப் பார்த்துக் குறைகூறுவதும் எளிது. ஆயினும் பாதுகாப்புக் கருதிய வெளியேற்றம், நிலம் அடங்கிய பின்னும் நிலையான வெளியேற்றமாக மாறியமை தனியே ஆராயத்தக்கது. 2005 முதல் நிலம் மீண்டும் உயரத் தொடங்கி, 20 ஆண்டுகளில் 1.3 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ளது. 2024 மே 20இல் 4.4 அளவிலும், 2025 மார்ச்சு 13, ஜூன் 30 ஆகிய நாள்களில் 4.6 அளவிலும் நிலநடுக்கங்கள் பதிவாயின. 2024 நிகழ்வில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே 1970இன் வினா பழங்கதையன்று.

வாழும் மரபுகள்

இந்நகரின் வழிபாட்டு மரபில் நிலமும் இடம்பெறுகின்றது. நேப்பிள்சின் காவல் புனிதராகிய சனுவாரியுசு, பொட்சுவோலியின் திருத்தொண்டர் புரோகுலுசு முதலியோரோடு கி.பி. 305இல் சொல்பதாராவுக்கு அருகில் தலைவெட்டப்பட்டார் என்பது மரபுச் செய்தி. அவ்விடத்துத் தேவாலயத்தில் உள்ள கல்லில் அவர் குருதி படிந்ததாக மக்கள் நம்புகின்றனர். புரோகுலுசு பொட்சுவோலியின் காவல் புனிதராவார். எரிந்து மீண்ட தலைமைத் தேவாலயம் அவர் பெயரால் அமைந்ததே. புகையும் மண்ணுக்கு அருகிலேயே காவலரின் நினைவிடத்தையும் வைத்துப் போற்றுவது அச்சத்தை வழிபாடாக மாற்றிக்கொள்ளும் மக்கள் மனநிலையைக் காட்டுகின்றது.

ஆகஸ்டு 15 அன்று மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவில் துறைமுகத்தில் ‘பென்னோனே ஆ மாரே’ என்னும் விளையாட்டு நிகழ்கின்றது. கடல்மேல் கிடையாக நீட்டிய நீண்ட மரத்தில் வழுக்கும் பொருளைப் பூசி, அதன் முனையிலுள்ள கொடியைப் பறிக்க இளைஞர் முயல்வர். வேடிக்கை உடையணிந்து வருவோர் ஒருவர்பின் ஒருவராக வழுக்கிக் கடலில் விழுவர். தமிழர் அறிந்த வழுக்குமரத்தின் நோக்கமே இதற்கும் உண்டு. ஆனால் இங்கு மரம் நிற்பதில்லை, கடலை நோக்கிக் கிடக்கின்றது. கால் ஊன்ற முடியாத தளத்தில் நடந்து பழகுவதே இவ்விளையாட்டின் உயிர். இதனை நடத்தக் கல்லும் தூணும் தேவையில்லை. கடலும் படகும் கூடி நிற்கும் மக்களும் தேவை.

வேளாண்மையிலும் நிலத்தின் இயல்பு நிலைபெற்றுள்ளது. எரிமலை மணலில் வேரழிக்கும் பிலோக்செரா பூச்சி பரவுவதில்லை. எனவே ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்க்கப்படும் திராட்சை, இங்குப் பல தோட்டங்களில் தன் வேரிலேயே வளர்கின்றது. இப்பகுதி மதுவுக்கு 1994இல் இத்தாலிய அரசின் தோற்றப்பெயர்த் தகுதி வழங்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பொட்சுவோலியின் பெருமைக்கும் துன்பத்துக்கும் காரணம் ஒன்றே. அது அங்குள்ள எரிமலை நிலம். துறைமுகக் காரையும், கீழைக்கடல் வரை சென்ற சாடிகளின் மணலும், மக்களை வெளியேற்றிய அசைவும் அந்நிலத்தின் வெவ்வேறு முகங்கள். கடல் கொண்ட சின்னங்கள் அழியாமல் நிலைத்தன. தீயில் எரிந்த கோயில் தூண்களை வெளிக்காட்டியது. எனவே சின்னங்களைப் பொறுத்தவரை இங்கு இழப்பு முழுமையானதன்று. ஒருமுறை மறைந்தது மறுமுறை வெளிப்பட்டது.

மக்களைப் பொறுத்தவரை நிலை அவ்வாறில்லை. கலைந்த குடியிருப்பு தூணைப்போல் தானே மீண்டும் எழுவதில்லை. கி.பி. 174இல் தீரு வணிகர் தம் வாடகைக்காகத் தாய்நகரிடம் வேண்டியதும், 1538க்குப்பின் வரிவிலக்கால் மக்கள் மீண்டதும், 1970க்குப்பின் ரியோனே தெர்ரா ஆளின்றிப் புதுப்பிக்கப்பட்டதும் ஒரே உண்மையை மூன்று வகையில் எடுத்துரைக்கின்றன. ஓர் இடத்தின் மரபைக் காப்பது என்பது அங்கு மக்கள் வாழ்வதற்குரிய வழியைக் காப்பதையும் உள்ளடக்கியது. நிலம் உயரும் அளவை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக அளக்கும் கருவிகள் இன்று பொட்சுவோலியில் உள்ளன. வெளியேற நேரும் மக்கள் என்று, எவ்வாறு திரும்புவர் என்பதையும் அத்துணைத் துல்லியமாகத் திட்டமிடுவதே அந்நகரின் எஞ்சிய மரபைக் காக்கும் வழியாகும்.